கேட் புத்தகத்தில் எழுதாத கருவி!

நிறுவாமலே ஓடும் "சாப்ட்வேர்": லாபம் எது? நஷ்டம் எது?

ஓசூர் சிப்காட்டில் எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் வாசலில் ஒரு காவலாளி இருப்பார். அவர் முன்னால் நீளமான ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும்.

யந்திரத்தைப் பழுது பார்க்க வெளியிலிருந்து வருகிற மெக்கானிக், தன் பையைத் திறந்து காட்ட வேண்டும். ஸ்பானர் எத்தனை, மல்டிமீட்டர் எத்தனை, டயல் கேஜ் எத்தனை என்று அந்தப் புத்தகத்தில் எழுதுவார்கள். சாயங்காலம் அவர் திரும்பும்போது, எழுதியது எல்லாம் பையில் இருக்கிறதா என்று சரி பார்ப்பார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புவார்கள். "ரிட்டர்னபிள் கேட் பாஸ்" என்று இதற்குப் பெயர். ஓசூரில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

அதே மெக்கானிக்கின் சட்டைப் பையில் சுண்டு விரல் அளவில் ஒரு பென்டிரைவ் இருக்கும். அதற்குள்ளும் கருவிகள் உண்டு. பத்து இருக்கலாம், இருபது இருக்கலாம். பெரிய தொழிற்சாலைகளில் பென்டிரைவை வாசலிலேயே வாங்கி வைத்துக் கொள்வார்கள். சிறு பட்டறைகளில் அதை யார் கேட்கிறார்கள்? ஸ்பானரை எண்ணுகிறவர்கள்கூட அதை எண்ணுவதில்லை.

அந்தக் கருவிகளுக்கு "போர்ட்டபிள் சாப்ட்வேர்" என்று பெயர். கையடக்க மென்பொருள் என்று தமிழில் சொல்லலாம். கம்ப்யூட்டரில் நிறுவாமல், அதாவது "இன்ஸ்டால்" செய்யாமல், அப்படியே ஓட்டக்கூடியவை. இவற்றால் அவசரத்துக்கு உதவியும் உண்டு. அடிமடியில் கை வைக்கிற ஆபத்தும் உண்டு.

எல்லையில் ஒரு தொழில் உலகம்

ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோ மீட்டர். இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி சுமார் 50 கிலோ மீட்டர். கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளி, ஓசூருக்குக் கூப்பிடு தூரம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் கேட்கும்.

ரோஜாவும் காய்கறியும் விளைந்த பூமி இது. ரோஜா இப்போதும் விளைகிறது. ஆனால் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் ஊரின் ஜாதகமே மாறிவிட்டது. 1980-ல் டி.வி.எஸ். மொபெட் இங்கிருந்து புறப்பட்டது. அசோக் லேலண்ட் வந்தது. டைட்டன் கைக்கடிகாரம் வந்தது. 2021-ல் போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்தது.

இந்தப் பெரிய தொழிற்சாலைகளின் நிழலில் ஏராளமான சிறு பட்டறைகள் பிழைக்கின்றன. ஒன்றில் 3 சி.என்.சி. யந்திரம் இருக்கும். இன்னொன்றில் 5 இருக்கும். பாங்கிக் கடனில் வாங்கியவை. பெரிய கம்பெனி தருகிற வரைபடத்துக்கு ஏற்ப, இரும்பையும் அலுமினியத்தையும் கடைந்து கொடுப்பதுதான் தொழில். "ஜாப் ஒர்க்" என்பார்கள். குறித்த நாளில் சரக்குப் போகாவிட்டால் அடுத்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும்.

அந்தப் பட்டறையின் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். மேலே எண்ணெய்ப் பிசுக்கு. உள்ளே பழைய விண்டோஸ். மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸ் எக்ஸ்.பி.யைக் கவனிப்பதை 2014-லும், விண்டோஸ் 7-ஐ 2020-லும் நிறுத்திவிட்டது. அதெல்லாம் அந்த மூலைக்குத் தெரியாது. ஓடுகிற வரையில் ஓடட்டும் என்று விட்டிருப்பார்கள். அதில் புதிதாக எதையாவது நிறுவ வேண்டுமென்றால் "அட்மின்" ரகசியச் சொல் கேட்கும். அது யாருக்குத் தெரியும்? போன வருஷம் வேலையை விட்டுப் போன பையனுக்குத் தெரியும்!

கையடக்க மென்பொருளுக்கு வாழ்வு கிடைப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

குடித்தனக்காரரும் விருந்தாளியும்

நிறுவுவது என்றால் என்ன? ஒரு குடும்பம் வாடகை வீட்டுக்குக் குடிவருவதைப் போன்றது அது. சாமான்களை அறை அறையாக வைப்பார்கள். வாசலில் பெயர்ப் பலகை மாட்டுவார்கள். ரேஷன் கார்டில் விலாசத்தை மாற்றுவார்கள். காலி செய்து போன பிறகும் சுவரில் ஆணி மிச்சம் இருக்கும்.

நிறுவப்படும் மென்பொருளும் அப்படித்தான். கோப்புகளைப் பல இடங்களில் வைக்கிறது. விண்டோஸின் "ரிஜிஸ்ட்ரி" என்ற பதிவேட்டில் தன் பெயரை எழுதுகிறது. எழுத்துருக்களைச் சேர்க்கிறது. சில சமயம் கம்ப்யூட்டர் விழிக்கும்போதே தானும் விழித்துக்கொள்கிறது. இவ்வளவுக்கும் வீட்டுக்காரர் அனுமதி வேண்டும். அதுதான் அட்மின் ரகசியச் சொல்.

கையடக்க மென்பொருள், ஒரு கைப்பையோடு வருகிற விருந்தாளி. தனக்கு வேண்டியதை எல்லாம் ஒரே உறையில் (போல்டரில்) வைத்திருக்கிறது. தன் விருப்பு வெறுப்புகளை அந்த உறைக்குள்ளேயே ஒரு சிறு கோப்பில் எழுதிக்கொள்கிறது. வேலை முடிந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறது.

இது ஏதோ புது அதிசயம் என்று எண்ண வேண்டாம். 1980-களில் எல்லாப் புரோகிராமும் இப்படித்தான் இருந்தது. பிளாப்பித் தகட்டைச் செருகி, "வேர்ட்ஸ்டார்" புரோகிராமை அப்படியே ஓட்டலாம். 1995-ல் விண்டோஸ் 95 வந்து, பதிவேடுதான் நடுநாயகம் என்று ஆக்கிற்று. அதன்பிறகே குடித்தனம் நடத்தும் மென்பொருள்கள் பெருகின.

2000-ம் ஆண்டில் சிங்கப்பூரின் "டிரெக்" கம்பெனி, கட்டை விரல் அளவில் ஒரு நினைவகத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஐ.பி.எம். கம்பெனியும் அதே ஆண்டில் 8 மெகாபைட் அளவில் ஒன்றை விற்றது. இன்று ஒரு போட்டோவைக்கூட அதில் வைக்க முடியாமல் போகலாம்! ஆனால் பாதை திறந்துவிட்டது. 2004-ல் ஜான் ஹாலர் என்ற அமெரிக்கர் "பயர்பாக்ஸ்" உலாவியைப் பென்டிரைவிலிருந்தே ஓடும்படி மாற்றி அமைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் "போர்ட்டபிள் ஆப்ஸ்" என்ற தளம். மறு ஆண்டே சான்டிஸ்க் முதலிய பென்டிரைவ் கம்பெனிகள் "யு-3" என்ற பெயரில் தாங்களே ஒரு முறையைக் கொண்டுவந்தன. சில ஆண்டுகளில் கைவிட்டும் விட்டன. ஹாலரின் முயற்சியோ நிலைத்துவிட்டது.

தமிழுக்குச் செய்த உதவி

தமிழர்களில் பலர் இந்த முறையை அறிந்தது தொழிற்சாலையில் அல்ல, பிரவுசிங் சென்டரில்!

2000-க்குப் பிந்திய சில ஆண்டுகளை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். மணிக்கு இவ்வளவு ரூபாய் என்று கொடுத்து உட்கார்ந்தால், கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு இருக்காது. ஒவ்வொரு பத்திரிகையின் தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துரு. படிப்பதே பாடு, எழுதுவது எங்கே? நிறுவலாம் என்றால் கடைக்காரர் விடமாட்டார். அவர் மீதும் குற்றம் சொல்ல முடியாது. வருகிறவர் போகிறவர் எல்லாம் எதையாவது நிறுவினால் கம்ப்யூட்டர் என்ன ஆவது?

விஸ்வநாதன் என்பவர் 2000-ல் வெளியிட்ட "அழகி" தமிழில் தட்டச்சு செய்யப் பலருக்குக் கைகொடுத்தது. பின்னர் வந்த "அழகி பிளஸ்", நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடக்கூடியது. தமிழ் மட்டுமல்ல, கன்னடமும் தெலுங்கும் அதில் எழுதலாம். கிருஷ்ணகிரி கலெக்டருக்குத் தமிழிலும், அத்திப்பள்ளி வியாபாரிக்குக் கன்னடத்திலும் கடிதம் எழுத வேண்டிய ஓசூர்க் குமாஸ்தாவுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அடுத்தவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அவர் அனுமதியைப் பெரிதாகக் கேட்காமல், தன் தாய்மொழியில் நாலு வரி எழுத முடிந்தது. அந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை.

ஒரு புள்ளியின் விலை

பட்டறைக்கு வருவோம். அங்கே இதன் லாபம் ரூபாய் அணாவில் தெரியும்.

சி.என்.சி. யந்திரம், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு புரோகிராமைப் படித்துக்கொண்டு வேலை செய்கிறது. எங்கே நகர வேண்டும், எவ்வளவு வேகம், எந்த டூல் என்பதெல்லாம் வரி வரியாக அதில் இருக்கும். யந்திரத்தின் மூளை பெரும்பாலும் ஜப்பானின் "பேனக்" கம்பெனியுடையது. அந்த மூளைக்கு ஒரு பழக்கம் உண்டு. எண்ணுக்குப் பின்னால் புள்ளி வைத்தால் மில்லி மீட்டர். வழக்கமான அமைப்பில், புள்ளி வைக்காவிட்டால் மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு! "எக்ஸ் 50" என்று எழுதி, அதன் பின்னால் ஒரு புள்ளியை மறந்தால், 50 மில்லி மீட்டரில் நிற்க வேண்டிய டூல், மயிரிழை தூரத்தில் உள்ள இடத்துக்குப் பாயும். டூல் உடையும். சில சமயம் ஸ்பிண்டிலே அடிபடும்.

இரவு ஷிப்டில் யாரோ புரோகிராமைத் திருத்திவிட்டார்கள். காலையில் பீஸ் எல்லாம் அளவு தப்பி வருகிறது. ஆயிரக்கணக்கான வரிகளில் அந்த ஒரு புள்ளியைக் கண்ணால் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுகிற வேலை. "வின்மெர்ஜ்" என்ற புரோகிராமின் கையடக்கப் பதிப்பு பென்டிரைவில் இருந்தால், பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறிய வரியை மட்டும் வர்ணம் தீட்டிக் காட்டிவிடும். அட்மின் ரகசியச் சொல் வேண்டியதில்லை. இணையமும் வேண்டியதில்லை. ஐந்து நிமிஷத்தில் யந்திரம் ஓடும்.

நோயுற்ற கம்ப்யூட்டருக்கு வைத்தியம் செய்வதும் இப்படித்தான். சில வைரஸ்கள் முதலில் கடிப்பது காவல் நாயைத்தான். அதாவது, நிறுவியுள்ள வைரஸ் தடுப்பையே முடக்கிவிடுகின்றன. அப்போது வெளியிலிருந்து வரும் கையடக்கச் சோதனைக் கருவிதான் கைகொடுக்கும். மைக்ரோசாப்ட் கம்பெனியே அப்படி ஒன்றை இலவசமாகத் தருகிறது. அதில் ஒரு வேடிக்கை: இறக்கிய நாளிலிருந்து 10 நாளில் அது காலாவதியாகிவிடும். பழைய மருந்தை வைத்துப் புது நோயைப் பார்க்காதே என்பது கம்பெனியின் கட்டளை!

மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் எழுதிய "சிஸ்இன்டர்னல்ஸ்" கருவிகளும் இந்த ஜாதியே. கம்ப்யூட்டருக்குள் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று குடைந்து பார்ப்பவை. அவற்றை 2006-ல் மைக்ரோசாப்ட் வாங்கியது. இன்றும் அவற்றை நிறுவ வேண்டியதில்லை. ஆகவே, நிறுவாமல் ஓடுவது என்றாலே கள்ளத்தனம் என்று எண்ணுவது தவறு.

முடியாத காரியங்கள்

ஆனால் பென்டிரைவ் ஒரு மந்திரக்கோல் அல்ல.

பழைய சி.என்.சி. யந்திரங்களுக்குப் புரோகிராமைக் கேபிள் வழியாக அனுப்ப வேண்டும். இக்காலக் கம்ப்யூட்டரில் அந்தக் கேபிளுக்குத் துளையே கிடையாது. அதற்கு ஒரு மாற்றி வேண்டும். மாற்றிக்கு "டிரைவர்" வேண்டும். டிரைவர் என்பது கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் உட்காருகிற மென்பொருள். விருந்தாளிக்கு அங்கே இடமில்லை. குடித்தனக்காரராகத்தான் வர வேண்டும். மறுபடியும் ரகசியச் சொல்!

ஜி.எஸ்.டி. கணக்கிலும் இதே கதை. கம்பெனிகள் டிஜிட்டல் கையெழுத்து போட வேண்டுமென்றால், கையெழுத்துச் சாவிக்கு டிரைவரும், "எம்சைனர்" என்ற புரோகிராமும் நிறுவியே ஆக வேண்டும்.

பென்டிரைவிலிருந்தே ஓட்டினால் வேகமும் குறைவு. பாதியில் பிடுங்கினால் எழுதிக்கொண்டிருந்த கோப்பு கெடும். பென்டிரைவின் நினைவகம் இத்தனை தடவைதான் அழித்து எழுதலாம் என்ற கணக்கோடு பிறந்தது. ஓயாமல் எழுதும் புரோகிராம் அதன் ஆயுளைக் குறைக்கும்.

"எங்கள் புரோகிராம் தடயமே வைக்காது" என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். அதை அப்படியே நம்புவதற்கில்லை. எந்தப் பென்டிரைவ் செருகப்பட்டது என்பதை விண்டோஸ் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. எந்தப் புரோகிராம் ஓடியது என்பதற்கும் பெரும்பாலும் குறிப்பு மிஞ்சுகிறது. சைமன் டாத்தம் என்ற ஆங்கிலேயர் எழுதிய "புட்டி" என்ற கருவி ஒரே கோப்புதான், நிறுவ வேண்டியதில்லை. தூரத்துக் கம்ப்யூட்டரோடு ரகசியமாகப் பேச உலகெங்கும் உபயோகிக்கிறார்கள். அதுகூட, தான் பேசிய விலாசங்களை அந்தந்தக் கம்ப்யூட்டரின் பதிவேட்டில்தான் எழுதி வைக்கிறது. விருந்தாளி போன பின்னும் தலையணையில் எண்ணெய்க் கறை!

பையோடு வந்த பேய்

இனி ஆபத்தைப் பார்ப்போம்.

பென்டிரைவ் பரவிய புதிதில், "நியூ போல்டர்" என்ற பெயரில் ஒரு மஞ்சள் உறை தோன்றுவது பலருக்கு நினைவிருக்கும். உறை என்று நினைத்துத் திறந்தால் அது வைரஸ்! உறையின் வேஷம் போட்ட புரோகிராம். இன்னொரு வகை, பென்டிரைவைச் செருகிய மாத்திரத்தில் தானே ஓடியது. 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் இந்தத் தானியங்கிக் கதவு பென்டிரைவுக்கு அடைக்கப்பட்டது. பழைய விண்டோஸ்களுக்கு 2011-ல் அடைத்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் அந்த வைரஸ்களும் கையடக்க மென்பொருள்கள்தாம். அவையும் நிறுவாமல் ஓடின. அனுமதி கேட்கவில்லை. "நல்ல கருவி உள்ளே வர வேண்டும்" என்று நாம் திறந்து வைத்த சந்து வழியேதான் அவையும் வந்தன.

2010 ஜூனில் "ஸ்டக்ஸ்நெட்" என்ற வைரஸ் அகப்பட்டது. ஈரானில் நதான்ஸ் என்ற இடத்திலுள்ள அணு எரிபொருள் நிலையத்தின் யந்திரங்களைக் கெடுப்பதற்காகத் தயாரிக்கப்பட்டது என்று நிபுணர்கள் கண்டார்கள். இணையத்தோடு தொடர்பில்லாத இடத்துக்குள் அது பென்டிரைவ் மூலமே நுழைந்தது என்று கருதப்படுகிறது. அதை யாரும் தட்டி ஓட்ட வேண்டிய அவசியமில்லை. பென்டிரைவில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தாலே போதும். அது குறி வைத்தது ஈரானை. ஆனால் அதிகமாகப் பாதித்த நாடுகளின் வரிசையில் ஈரானுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்தபடியாக இருந்தது இந்தியா. ஊருக்கு வைத்த தீ எங்கே பிடிக்கும் என்று யார் கண்டது?

2018 ஆகஸ்டில் தைவானின் டி.எஸ்.எம்.சி. கம்பெனிக்கு ஒரு சோதனை வந்தது. உலகின் மிகப் பெரிய "சிப்" உற்பத்தித் தொழிற்சாலைகள் அதனுடையவை. புதிதாக வந்த யந்திரம் ஒன்றை, வைரஸ் சோதனை செய்யாமல் மற்ற யந்திரங்களோடு இணைத்துவிட்டார்கள். பல தொழிற்சாலைகளில் வேலை நின்றது. சரி செய்யச் சில நாட்கள் பிடித்தன. அங்கே குற்றவாளி பென்டிரைவ் அல்ல. ஆனால் தவறு ஒன்றேதான்: உள்ளே வருவது என்ன என்று வாசலில் யாரும் பார்க்கவில்லை.

தைவான் கம்பெனி தாங்கிக்கொண்டது. ஓசூரில் 3 யந்திரம் வைத்திருப்பவர் தாங்குவாரா? அவருடைய பட்டறையில் பெரும்பாலும் ஒரே பென்டிரைவ்தான் எல்லா இடத்துக்கும் போகிறது. யந்திரத்துக்குப் புரோகிராம் கொண்டுபோவது அதுதான். ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து பில்லை எடுத்து ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோவதும் அதுதான். கடைக் கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொண்டது யந்திரம் வரை வந்துவிடும்.

எல்லைப் பட்டறைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு மாநிலத்திலிருந்து அடுத்த மாநிலத்துக்கு ஜாப் ஒர்க்குக்காகச் சரக்கு அனுப்பினால், அதன் மதிப்பு ரூ.50 ஆயிரத்துக்குக் குறைவாக இருந்தாலும் "இ-வே பில்" வேண்டும். கடைந்த பீஸை முலாம் பூசுவதற்குப் பெங்களூருக்கு அனுப்புவதென்றாலும் இதுதான் விதி. கம்ப்யூட்டர் முடங்கினால் பில்லைக் கைபேசியிலும் போடலாம்தான். ஆனால் எத்தனை பீஸ், எந்த சலான், என்ன விலை என்ற கணக்கெல்லாம் முடங்கிய பெட்டிக்குள் இருக்குமே! டெம்போ வாசலில் நிற்கும். எல்லை எதிரிலேயே இருக்கும். சரக்கு நகராது.

பழைய பிரதி

நிறுவிய மென்பொருள் அடிக்கடி "புதுப்பிக்கவா?" என்று தொந்தரவு செய்யும். அந்தத் தொந்தரவு ஒரு நன்மை. பென்டிரைவில் கிடக்கும் பிரதி பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. நகல் எடுத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. மெக்கானிக்கிடமிருந்து சிஷ்யனுக்கு, சிஷ்யனிடமிருந்து சிநேகிதனுக்கு என்று அந்தப் பழைய பிரதியே பரவுகிறது.

"புட்டி"யில் 2024 ஏப்ரலில் ஒரு பெரிய ஓட்டை தெரிய வந்தது. ஒரு குறிப்பிட்ட வகை ரகசியச் சாவியை உபயோகித்தால், பிறர் அந்தச் சாவியைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். அந்த ஓட்டை 2017 முதல் வந்த பதிப்புகளில் இருந்தது. ஆசிரியர் உடனே 0.81 என்ற பதிப்பில் அடைத்துவிட்டார். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன் பென்டிரைவில் போட்ட பிரதிக்கு அதை யார் சொல்வது?

போலியும் உண்டு. 2015-ல், ரகசியச் சொற்களைத் திருடும்படி மாற்றிய ஒரு போலிப் "புட்டி" உலவுவதைச் சைமன்டெக் கம்பெனி அம்பலப்படுத்தியது. அசல் தளத்தை விட்டு வேறு தளங்களில் தேடி எடுத்தவர்கள் அகப்பட்டார்கள். பெயரை நம்பியும் பயனில்லை. அந்தப் புரோகிராமின் பெயரையே விலாசமாகக் கொண்ட ஒரு தளம் இணையத்தில் நெடுங்காலமாக உண்டு. அது ஆசிரியருடையது அல்ல!

அசல் தளத்தில் எடுத்தால் ஆபத்தே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. 2017-ல் "சிகிளீனர்" என்ற பிரபலமான புரோகிராமின் அசல் பிரதிக்குள்ளேயே விஷமிகள் கைவைத்துவிட்டார்கள். 22 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதை உபயோகித்தபின் விஷயம் வெளிவந்தது. ஆனால் இப்படி நடப்பது அபூர்வம். அசல் கிணற்றில் என்றோ ஒருநாள் விஷம் கலந்தது என்பதற்காகச் சாக்கடையில் தண்ணீர் எடுக்க முடியுமா?

ஜெயிலும் அபராதமும்

பென்டிரைவில் கிடைக்கும் இன்னொரு சரக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலை உயர்ந்த வரைபட மென்பொருள்களைப் பூட்டு உடைத்து, "போர்ட்டபிள்" என்று பெயர் சூட்டிப் பரிமாறுகிறார்கள். செய்தவன் யார் என்று தெரியாது. உள்ளே வேறு என்ன வைத்திருக்கிறான் என்றும் தெரியாது. இலவசமாகப் பூட்டு உடைத்துக் கொடுக்கிற தர்மவான், அந்த வீட்டுச் சாவிக்கு ஒரு நகல் வைத்துக் கொள்ளமாட்டானா?

1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63-பி என்ற பிரிவு இருக்கிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை உபயோகித்தால், குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை. ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். வியாபாரத்துக்காக உபயோகிக்கவில்லை என்றால் கோர்ட்டு இரக்கம் காட்டலாம். பட்டறை என்பது வியாபாரம். "நான் நிறுவவே இல்லை, பென்டிரைவிலிருந்துதான் ஓட்டினேன்" என்பது அங்கே எடுபடாது. உபயோகித்ததுதான் குற்றம்.

தொலைந்தால்?

பட்டறையிலிருந்து பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் பென்டிரைவ் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி போனால் போகிறது, மறுபடி இறக்கிக்கொள்ளலாம். ஆனால் கையடக்க உலாவியில் சேமித்த ரகசியச் சொற்கள், கையடக்க மெயில் பெட்டியில் உள்ள கடிதங்கள், பெரிய கம்பெனி நம்பிக் கொடுத்த வரைபடங்கள் எல்லாம் அதோடு போகும். எடுத்தவன் கைக்குப் பட்டறையின் சாவியே போன மாதிரிதான்.

பூட்டி வைக்கலாமே? வைக்கலாம். ஆனால் "வெராகிரிப்ட்" என்ற பூட்டும் புரோகிராமுக்குக் கையடக்கப் பதிப்பு இருந்தும், அதைத் திறக்கும் கம்ப்யூட்டரில் அட்மின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லை என்பதற்காகத்தானே இவ்வளவு பாடும்! விண்டோஸிலேயே உள்ள "பிட்லாக்கர்" பூட்டு இந்த விஷயத்தில் பரவாயில்லை. ஒரு தடவை பூட்டிவிட்டால், வேறு விண்டோஸ் கம்ப்யூட்டரில் ரகசியச் சொல்லை மட்டும் கொடுத்துத் திறக்கலாம்.

பட்டறைக்காரர் என்ன செய்யலாம்?

பெரிய தொழிற்சாலைகள் ஒரேயடியாகக் கதவைச் சாத்திவிடுகின்றன. விண்டோஸில் "ஆப்லாக்கர்" என்ற ஏற்பாடு உண்டு. முறைப்படி நிறுவிய புரோகிராம் மட்டும் ஓடும். மற்றது எதுவும் ஓடாது என்று அதில் கட்டளை போட்டுவிடலாம். கையடக்கச் சரக்கு எதுவும் அங்கே பலிக்காது.

சிறு பட்டறையில் அப்படிச் செய்தால், யந்திரம் நின்ற இரவில் உதவிக்கு வருகிறவர் கையையும் கட்டியதாகும். கதவைச் சாத்துவதைவிட, வருகிறதைப் பார்த்து அனுமதிப்பதே அங்கே நடக்கிற காரியம். அதற்குப் பெரிய செலவும் இல்லை. பட்டறைக்கென்று தனியாக இரண்டு பென்டிரைவ் வாங்கி வைக்கலாம். ஒன்று யந்திரத்துக்கு மட்டும். ஆபீஸ் பக்கமோ, ஜெராக்ஸ் கடைக்கோ போகக்கூடாது. இன்னொன்று கருவிகளுக்கு. சில பென்டிரைவ்களில் பக்கவாட்டில் ஒரு சிறு பூட்டு விசை இருக்கும். தள்ளிவிட்டால் படிக்கலாம், எழுத முடியாது. நோயாளிக் கம்ப்யூட்டரில் செருகினாலும் நோய் அதில் ஏறாது. எழுத முடியாததால் சில புரோகிராம் முரண்டு பிடிக்கும். அதைக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்து ஓட்டி, பிறகு அழித்துவிட வேண்டியதுதான்.

கருவிகளை ஆசிரியரின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுக்க வேண்டும். பல ஆசிரியர்கள் ஒவ்வொரு கோப்புக்கும் நீளமான ஓர் எண்ணை வெளியிடுகிறார்கள். கோப்பின் கைரேகை அது. ஓர் எழுத்து மாறினாலும் ரேகை மாறிவிடும். அதை ஒத்துப் பார்க்க விண்டோஸிலேயே வசதி இருக்கிறது. மாதம் ஒருமுறை, சம்பளம் போடுகிற நாளில், எந்தக் கருவிக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது என்று பார்த்து மாற்றலாம். ஐந்தாறு கருவிக்கு மேல் பெரும்பாலான பட்டறைகளுக்குத் தேவைப்படாது. எண்பது கருவி வைத்திருக்கிற பென்டிரைவில் எழுபத்தைந்து யாரும் தொடாமல் பழசாகிக்கொண்டிருக்கும்.

அந்த அட்மின் ரகசியச் சொல்லையும் மாற்றி, முதலாளி தன் பெட்டியில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வேலையை விட்டுப் போன பையனுக்கு இனி எதற்கு அது?

வாசலில் உள்ள நோட்டுப் புத்தகத்தில் இடம் இருக்கிறது. ஸ்பானர், மல்டிமீட்டர், டயல் கேஜ் என்று எழுதிய வரிக்குக் கீழே இன்னொரு வரி போடலாம்: பென்டிரைவ் 1, அதில் ஓட்டப் போகும் புரோகிராமின் பெயர், பதிப்பு எண், செருகப் போகிற கம்ப்யூட்டர். பக்கத்தில் மெக்கானிக்கின் கையெழுத்து. சாயங்காலம் அவர் அதைப் பிடுங்கிய நேரம்.